சொற்பப் பணயம் சூதாகுமா?

உலகில் சில செயல்கள் அளவு மிஞ்சினால் மட்டுமே குற்றமாகின்றன. வேறு சில, அளவு எதுவாயினும் குற்றமாகவே நிற்கின்றன. உணவு முதல் வகையைச் சேர்ந்தது. மிதமாக உண்டால் உடலைத் தாங்கும்; மிஞ்சினால் நோயாகும். களவு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பிறர் தோப்பில் ஒரு தேங்காயை எடுத்தவன், "ஒன்றுதானே" என்று சொல்லித் தப்பிவிட இயலாது. சூதாட்டம் இவ்விரண்டில் எந்த வகை?

பாரதக் கதையைக் கேட்டு வளர்ந்த ஆஸ்திக அன்பர்கள், "இதில் ஐயத்துக்கு இடம் ஏது?" என்று வினவக்கூடும். ஆனால், நாடும் நகரமும் இழந்த கதையை எடுத்துக்காட்டிப் பத்து ரூபாய் ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகுமா என்று ஒருவர் திருப்பிக் கேட்டால், அதற்கும் விடை சொல்லத்தான் வேண்டும். எதிர்க்கட்சியைப் பலவீனமாக எடுத்துரைத்து வெல்வது சாஸ்திர மரபு அன்று. பூர்வபக்ஷத்தை அதன் முழு வலிமையோடு நிறுத்தி, அதன் பிறகே ஸித்தாந்தம் சொல்வதுதான் ஆன்றோர் கைக்கொண்ட முறை. ஆகவே சொற்பப் பணயத்துக்காக வாதாடக்கூடிய மிகச் சிறந்த கட்சிக்காரர் ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும்.

அவர் அமெரிக்க தேசத்தின் நெவாடா மாநிலத்தில் அகப்படுகிறார். அம்மாநிலம் 1931ஆம் ஆண்டில் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. பாலைநிலத்தின் நடுவே அமைந்த லாஸ் வேகாஸ் நகரம் அதனாலேயே பெருநகரமாக வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து மொஹாவே பாலைவனத்தைக் கடந்து ஏறத்தாழ 270 மைல் சென்றால் அந்நகரை அடையலாம். மாதச் சம்பளம் வாங்கும் ஓர் அலுவலர், வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் காரில் புறப்படுகிறார். இரவு அங்கே போய்ச் சேருகிறார். சனிக்கிழமை முழுவதும் காசினோ எனப்படும் சூதாட்ட விடுதியில் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புகிறார். இவ்வாறு வார இறுதிகளைக் கழிப்போர் அங்கே எண்ணற்றவர். அவர்கள் குடிகாரர்களும் அல்லர். வீட்டை அடகு வைத்தவர்களும் அல்லர். குடும்பத்தைக் காப்பவர்கள், கடன் இல்லாதவர்கள், கணக்கறிந்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவரையே கட்சிக்காரராகக் கொள்வோமாக.

அவர் ஆடும் ஆட்டத்தின் இலக்கணத்தைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். மேசையைச் சுற்றி ஒன்பது பேர் வரை அமர்வர். பணத்துக்குப் பதிலாக வண்ண வில்லைகள் புழங்கும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். பின்னர் மேசை நடுவில் முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியில் ஒன்று என ஐந்து சீட்டுகள் அனைவருக்கும் பொதுவாக மலர்த்தி வைக்கப்படும். கையிலுள்ள இரண்டையும் பொதுவான ஐந்தையும் கொண்டு சிறந்த ஐந்து சீட்டுக் கோவையை அமைப்பவருக்கே பணயம் சேரும். இடையிடையே நான்கு முறை பணயத்தை உயர்த்தலாம். ஈடுகொடுக்க விரும்பாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகலாம். கையில் ஒன்றுமில்லாதவரும் பெரிதாக இருப்பதுபோல் பணயத்தை உயர்த்தி மற்றவர்களை விலகச் செய்யலாம். மிகக் குறைந்த மேசைகளில் கட்டாயப் பணயம் ஒரு டாலரும் இரண்டு டாலருமாகவோ, ஒன்றும் மூன்றுமாகவோ இருக்கும். இருநூறு டாலர் கொண்டுவந்தால் கௌரவமாக ஒரு நாள் முழுவதும் அமரலாம்.

இனி அவருடைய வாதங்களைக் கேட்போம். அவை நான்கு.

முதலாவது, "தொகை சிறிது. இருநூறு டாலர் போனால் அது ஒரு நாடகத்துக்கும் நல்ல விருந்துக்கும் ஆகும் செலவு. அதை நஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. இதை மட்டும் ஏன் பாவம் என்கிறீர்கள்?"

இரண்டாவது, "இது அதிர்ஷ்டத்தை நம்பும் ஆட்டம் அன்று, திறமையால் வெல்லும் ஆட்டம். சுழல்சக்கரத்தில் 38 குழிகள். எண்ணைச் சரியாகச் சொன்னவனுக்குப் பணயத்தைப் போல் 35 மடங்கே தருகிறார்கள். அங்கே எவ்வளவு அறிவிருந்தும் நூற்றுக்கு ஐந்துக்குமேல் விடுதிக்கே போகும். போக்கரில் விடுதி ஆடுவதில்லை. மனிதரோடு மனிதரே ஆடுகிறோம். அறிந்தவன் வெல்கிறான்."

மூன்றாவது, "எவரையும் ஏமாற்றவில்லை. பொய்ப் பாவனை செய்வது ஆட்டத்தின் விதி. அதை எல்லோரும் அறிந்தே அமர்கிறார்கள்."

நான்காவது வாதமே அன்பர்கள் கவனித்துக் கேட்க வேண்டியது. "இந்த ஆட்டம் மனத்தைப் பண்படுத்துகிறது. ஒரு ஜோடி ஏஸ் சீட்டு சராசரியாக 221 முறைக்கு ஒரு முறைதான் கைக்கு வரும். அதற்கு எதிராக ஒரு ஜோடி ராஜா வந்தால், முழுப் பணயத்தையும் வைப்பதே சரியான செயல். ஆயினும் ஐந்தில் ஏறத்தாழ ஒரு முறை ஏஸ் தோற்றுத்தான் போகும். சரியாகச் செய்தவன் தோற்பான். தவறாகச் செய்தவன் ஜெயிப்பான். அப்போது கோபம் கொள்ளாமல், செயலை மட்டும் நோக்கிப் பலனை விட்டுவிடக் கற்க வேண்டும். இது கீதை சொல்லும் ஸமத்வம் அல்லவா?"

பூர்வபக்ஷம் இவ்வளவே. இது எளிதில் ஊதித் தள்ளக்கூடியதன்று. இவற்றில் ஒவ்வொன்றிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. அந்தக் கூறு எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று காண்பதே முறையாகும்.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். நாடகத்துக்கும் விருந்துக்கும் கொடுத்த பணம், உழைத்த ஒருவருக்குக் கூலியாகப் போய்ச் சேருகிறது. சீட்டு மேசையில் வைத்த பணம் எங்கே போகிறது? விடுதி ஆடுவதில்லை என்பது மெய்தான். ஆனால் அது ஒவ்வொரு சுற்றிலும் பணயத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. பல இடங்களில் பத்தில் ஒரு பங்கு, சில டாலருக்கு மேற்படாமல் என்பது வழக்கம். இது புதிய வழக்கமும் அன்று. அர்த்த சாஸ்திரத்தில் கௌடில்யர், சூதாட்டம் ஓரிடத்தில் மட்டும் அரசாங்க அத்யக்ஷரின் கண்காணிப்பில் நடக்க வேண்டும் என்றும், வென்றவன் பெற்றதில் நூற்றுக்கு ஐந்து பங்கை அவர் வசூலிக்க வேண்டும் என்றும் விதித்தார். மனுவோ சூதை அரசன் நாட்டிலிருந்தே அகற்ற வேண்டும் என்றார். ஒருவர் வரி வாங்கச் சொன்னார். மற்றவர் விரட்டச் சொன்னார். ஆடுவோர் மொத்தத்தில் லாபம் பெறுவர் என்று இருவருமே சொல்லவில்லை.

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்பது பேர் ஆளுக்கு இருநூறு டாலர் கொண்டுவந்தால் மேசையில் உள்ளது 1,800 டாலர். மணிக்கு முப்பது சுற்று ஆடுவதாகவும், சுற்றுக்கு நான்கு டாலர் விடுதி எடுப்பதாகவும், வென்றவர் சீட்டுப் போடுபவருக்கு ஒரு டாலர் இனாம் கொடுப்பதாகவும் வைத்துக்கொண்டால், மணிக்கு 150 டாலர் மேசையை விட்டு வெளியேறுகிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் 1,800 டாலரும் தீர்ந்துவிடும். புதிதாக எவரும் பணம் கொண்டுவந்து அமராவிடில், இரவு வரும்போது ஒன்பது பேரும் வெறுங்கையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பர். ஆக, இம்மேசையில் ஒருவர் லாபத்தோடு எழுந்திருக்க வேண்டுமானால், பலர் நஷ்டத்தோடு எழுந்திருந்தே ஆக வேண்டும். அதுவும் போதாது, நஷ்டப்பட்டவரின் இடத்துக்கு மற்றொருவர் வந்துகொண்டே இருக்க வேண்டும். தொகை சிறிது என்ற வாதம் ஒருவருடைய பையை மட்டும் பார்க்கிறது. மேசை முழுவதையும் பார்ப்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் இங்கே நினைவுகூர்வது நியாயம். கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, ஜமக்காளத்தை விரித்து உறவினர் நால்வர் காசு வைத்து ரம்மி ஆடுவதுண்டு. அங்கே பங்கு பிடிப்பவர் எவரும் இல்லை. வென்றவர் காலையில் எல்லோருக்கும் காப்பி வாங்கித் தருவார், தோற்றவரைக் கேலி செய்வார், அத்துடன் முடிந்தது. தோற்றவர் முகம் சற்று வாடினால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். இதையும் நெவாடா மேசையையும் ஒரே தட்டில் வைப்பது முறையன்று. இரண்டிலும் தொகை சிறிதே. ஆயினும் வேறுபாடு இருக்கிறது என்று உள்ளம் சொல்கிறது. அந்த வேறுபாடு தொகையில் இல்லையென்றால், வேறு எதில் இருக்கிறது? இரண்டாம் வாதத்தை ஆராயும்போது அது தானே வெளிப்படும்.

திறமை என்னும் வாதம் நீதிமன்றங்களிலும் எழுந்தது. 2012ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள மத்திய நீதிமன்றம் ஒன்றின் நீதிபதி, போக்கரில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று விரிவாகத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம், சம்பந்தப்பட்ட சட்டத்துக்கு அந்தக் கேள்வி தேவையே இல்லை என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. நம் நாட்டிலும் 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று கூறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பொறுத்தவரை திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டையே கைவிட்டது. சட்டம் இவ்வாறு இருபுறமும் அசைவதில் வியப்பில்லை. எது தண்டனைக்குரியது என்பது அதன் கேள்வி. எது செய்யத் தக்கது என்பது தர்மத்தின் கேள்வி.

போக்கரில் திறமை உண்டு என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒப்புக்கொண்டதும் நேர்வது என்ன? குற்றம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. வெறும் அதிர்ஷ்டத்தால் ஒருவன் வென்றால், தோற்றவனின் நஷ்டத்துக்கு வென்றவன் காரணமல்லன்; இருவரும் ஒரே காற்றில் அகப்பட்ட துரும்புகள். திறமையால் வென்றால், அறியாதவனுடைய பணத்தை அறிந்தவன், அறிந்தே எடுத்துக்கொண்டான் என்று ஆகிறது. "எனக்குத் தெரியும், எதிரில் இருப்பவனுக்குத் தெரியாது" என்பதே அவனுடைய மூலதனம்.

"அப்படியானால் சதுரங்கப் பந்தயமும் மல்யுத்தமும் குற்றமா? அங்கும் திறமை குறைந்தவன் தோற்கிறான் அல்லவா?" என்ற ஆக்ஷேபம் இங்கே எழும். எழுவது நியாயமே. விடை இது. சதுரங்கத்தில் தோற்றவன், தான் திறமையில் குறைந்தவன் என்பதை அன்றே அறிந்துகொள்கிறான். மேலும் கற்கிறான், அல்லது விலகுகிறான். போக்கரிலோ திறமைக்கும் பலனுக்கும் நடுவே அதிர்ஷ்டம் என்னும் திரை தொங்குகிறது. தவறாக ஆடியவன் அவ்வப்போது பெருந்தொகை வெல்கிறான். ஆகவே தன் குறையை அவன் காண்பதில்லை. "நேற்று வென்றேன், இன்று சீட்டு சரியில்லை" என்றே எண்ணுகிறான். அத்திரை இல்லாவிட்டால் அவன் என்றோ எழுந்து போயிருப்பான். அறிந்தவனுக்கு வருமானமும் இராது. அதாவது, இந்த ஆட்டத்தில் திறமை வெல்கிறது. தோற்றவன் அதைக் காணாதபடி அதிர்ஷ்டம் மறைக்கிறது. இரண்டும் கூட்டாளிகள். தோற்பவன் சம்மதித்தே அமர்ந்தான் என்பது உண்மை. ஆயினும் எதற்குச் சம்மதித்தோம் என்று அறியாதவனின் சம்மதம் எவ்வளவு பெறும்?

2003ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்று. லாஸ் வேகாஸில் 1970 முதல் நடைபெற்றுவரும் உலகப் போக்கர் போட்டியில், அவ்வாண்டு டென்னஸி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் முதற்பரிசாக 25 இலட்சம் டாலர் பெற்றார். நூறு டாலருக்கும் குறைவான கட்டணம் செலுத்தி, இணையத்தில் நடந்த தகுதி ஆட்டத்தின் வழியாகவே அவர் அப்போட்டிக்குள் நுழைந்தார். 'பணம் பண்ணுபவர்' என்று பொருள்படுவது அவருடைய இயற்பெயர்தான். அவ்வாண்டு அப்போட்டியில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். மூன்றே ஆண்டுகளில், 2006இல், அத்தொகை 8,773 ஆயிற்று. சாதாரண மனிதர் ஒருவர் சொற்பத் தொகையில் வென்றார் என்ற செய்தியே அத்தனை பேரை இழுத்தது. ஒருவருடைய வெற்றியை உலகம் முழுவதும் கண்டது. வந்து தோற்றுத் திரும்பிய ஆயிரக்கணக்கானோரைக் கண்டவர் எவர்?

மேசையில் திறமை என்று சொல்லப்படுவதன் உட்பொருளையும் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். நூல்களும் அனுபவசாலிகளும் முதலில் கற்பிப்பது, எந்த மேசையில் அமர்வது என்பதே. தன்னைவிட வல்லவர்கள் நிறைந்த மேசையை விட்டு விலகி, பலவீனமானவர்கள் இருக்கும் மேசையைத் தேட வேண்டும். அவர்களுக்கு அங்கே 'மீன்' என்று பெயர். நெவாடா விடுதிகளில் ஆடுவோருக்கு மதுவை விலையின்றி வழங்குவது வழக்கம். குடித்துத் தளர்ந்தவர், உறங்காமல் களைத்தவர், தோற்றதை இன்றே மீட்டுவிட வேண்டும் என்று துடிப்பவர் ஆகியோரே சிறந்த மீன்கள். துடிக்கும் நிலைக்கும் 'டில்ட்' என்று தனிப் பெயர் உண்டு. நிலை சாய்ந்தவன் என்பது பொருள். மற்றவன் நிலை சாய்வதைக் கண்டால் திறமைசாலியின் உள்ளம் மகிழ வேண்டும். மகிழாவிட்டால் அவன் திறமைசாலி அல்லன்.

இங்கேதான் கல்யாண வீட்டு ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு புலப்படுகிறது. அங்கே எதிரில் இருப்பவர் முகம் வாடினால் ஆட்டம் நிற்கிறது. இங்கே அவர் முகம் வாடினால் ஆட்டம் சூடுபிடிக்கிறது.

அந்த எதிராளி யார்? நமது கட்சிக்காரரைப் போன்றே சம்பளக்காரராகவும் இருக்கலாம், நோயாளியாகவும் இருக்கலாம். சூதாட்டத்தை விடமுடியாத நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டிலேயே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் அதைப் போதைப் பழக்கங்களோடு ஒரே பகுதியில் வைத்தது. சூதை விட முயல்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் சங்கம் ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1957இலேயே தோன்றியது. இந்நோயை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு ஸூக்தம் முழுவதும் சூதாடியின் புலம்பலாகவே அமைந்துள்ளது. அக்காலத்தில் தான்றிக் கொட்டைகளே காய்கள். இனிப் போவதில்லை என்று உறுதி செய்தவன், காய் உருளும் ஓசை காதில் விழுந்ததும் எழுந்து ஓடுகிறான். வீட்டில் மனைவியும் தாயும் வருந்துகிறார்கள். சூதாடுபவன் இருநூறு டாலரோடு எழுந்திருக்கக் கூடியவனாக இருக்கலாம். எதிரில் அமர்ந்திருப்பவனும் அவ்வாறே எழுந்திருக்கக் கூடியவன் என்று அவனுக்கு எவ்வாறு தெரியும்? தனக்குச் சொற்பமான பணயம் மற்றவனுக்கும் சொற்பம் என்பதற்கு என்ன உறுதி? இருவர் முன்னும் உள்ள வில்லைகள் ஒரே நிறம். அவற்றின் கனம் வேறு.

மூன்றாம் வாதமான பொய்ப் பாவனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கூத்தில் ராஜாவாக வேஷம் கட்டியவன் பொய்யன் ஆகமாட்டான். மல்லன் இடப்புறம் அடிப்பதுபோல் காட்டி வலப்புறம் அடிப்பதும் பொய் அன்று. விதியாக எல்லோரும் ஒப்புக்கொண்ட பாவனை, வாய்மைக்குப் பங்கம் விளைப்பதில்லை. இந்த அளவில் கட்சிக்காரர் சொல்வது சரி. ஆனால் பாவனை மேசையோடு நின்றுவிடுகிறதா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 150 டாலர் வென்றதாக மகிழ்ந்து திரும்புபவர், அறை வாடகையையும் பெட்ரோல் செலவையும் கணக்கில் சேர்த்தாரா? வென்ற வாரங்களை நண்பர்களிடம் சொன்னதுபோல், தோற்ற வாரங்களை மனைவியிடம் சொன்னாரா? மேசையில் பிறருக்குக் காட்டும் பாவனை விதிக்கு உட்பட்டது. வீட்டில் காட்டும் பாவனைக்கும், தனக்குத் தானே காட்டும் பாவனைக்கும் எந்த விதியும் இல்லை.

இனி நான்காம் வாதம். சரியான செயலைச் செய்து, பலன் எதுவாயினும் கலங்காதிருத்தல் அரிய குணமே. அதைச் சீட்டு மேசையில் கற்றாலும், வயலில் கற்றாலும், வியாபாரத்தில் கற்றாலும் குணம் குணமே. மழை பொய்க்கும் என்று தெரிந்தும் உரிய பருவத்தில் விதைக்கும் குடியானவனும் இதையே செய்கிறான். ஆகவே நெவாடா மேசையில் கலங்காதிருப்பவனைக் கேலி செய்வது தகாது. ஆனால் அது கீதையின் ஸமத்வம்தானா?

கீதையில் ஸமத்வம் இரண்டு முகங்களை உடையது. ஒன்று, லாபத்தையும் நஷ்டத்தையும் சமமாகக் கொள்வது. இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் அதை உபதேசிக்கிறான். மற்றொன்று, தன்னையும் பிறரையும் சமமாகக் காண்பது. ஆறாம் அத்தியாயத்தில், பிறருடைய இன்ப துன்பங்களைத் தன்னுடையவற்றைப் போலவே காண்பவனை உயர்ந்த யோகியென்று அவன் கொண்டாடுகிறான். போக்கர் மேசையில் முதல் முகம் தெரிகிறது. இரண்டாவது முகம் தெரிவதில்லை. தன் நஷ்டத்தில் கலங்காதவன், எதிராளி கலங்குவதற்காகக் காத்திருக்கிறான். தனக்கு ஸமத்வம் வேண்டும். பிறனுக்கு அது இருக்கக் கூடாது! எல்லோரும் ஸமத்வம் பெற்றுவிட்டால் மேசையில் எவருக்கும் லாபம் இல்லை. விடுதிக்கு மட்டுமே லாபம். எல்லோருக்கும் வாய்க்க வேண்டும் என்று ஒருவன் மனமார வேண்ட முடியாத ஸமத்வம், கொக்கின் அமைதியை ஒத்தது. கொக்கும் கலங்காமல்தான் நிற்கிறது.

பத்தாம் அத்தியாயத்தில் தன் விபூதிகளைச் சொல்லும் இடத்தில் பகவான் சூதையும் சேர்த்திருக்கிறானே என்று சிலர் கேட்பதுண்டு. அதே அத்தியாயத்தில் அனைத்தையும் அபகரிக்கும் மிருத்யுவையும் சேர்த்திருக்கிறான். அதைப் படித்துவிட்டு எவரும் மரணத்தைத் தேடி ஓடுவதில்லை. எதன் ஆற்றலும் அவனிடமிருந்தே வந்தது என்பது அங்கே உபதேசம். எதைச் செய்யலாம் என்பதற்கான பட்டியல் அன்று அது.

திறமையும் சூதும் சேர்ந்த இடத்தில் மனிதன் எவ்வாறு நடந்துகொள்ளலாம் என்பதற்குப் பாரதமே வழி காட்டுகிறது. அங்கே இரு அரசர்கள் இருக்கின்றனர். யுதிஷ்டிரர் முதலில் வைத்த பணயம் ஒரு மணிமாலை. பேரரசருக்கு அது சொற்பம். சொற்பத்தில் தொடங்கியது தம்பியரிலும் தம்மிலும் திரௌபதியிலும் போய் முடிந்தது. மற்றொருவன் நளன். அவனும் சூதில் நாடிழந்தான். பின்னர் ரிதுபர்ணனிடம், மரத்தின் இலைகளையும் கனிகளையும் பார்வையாலேயே எண்ணிச் சொல்லும் கணித வித்தையோடு சூதின் இரகசியத்தையும் கற்றான். இன்று சீட்டாட்டத்தில் திறமை என்று சொல்லப்படும் எண்ணிக்கை அறிவு அதுவேயாகும். அவ்வறிவைப் பெற்ற நளன் என்ன செய்தான்? புஷ்கரனோடு ஆடி ஒரே ஆட்டத்தில் தன் நாட்டை மீட்டான். அத்துடன் நிறுத்தினான். தோற்ற புஷ்கரனைத் தண்டிக்கவில்லை. அவனுக்குரிய பங்கைத் திரும்பக் கொடுத்து, உடன்பிறந்தவன் என்று தழுவி அனுப்பினான். திறமை பெற்றவன் எதிரில் தோற்று நிற்பவனின் முகத்தைப் பார்த்தான். பார்த்தபின் அவனால் தொடர்ந்து ஆட முடியவில்லை.

ஸித்தாந்தம் இதிலிருந்து தெளிவாகிறது. தொகை சிறிதாக இருப்பது தீங்கைக் குறைக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. இருநூறு டாலர் இழந்தவனும் வீட்டை இழந்தவனும் ஒன்றல்லர். ஆனால் தொகையின் சிறுமை, செயலின் திசையை மாற்றுவதில்லை. ஒருவன் எதை வேண்டி அமர்கிறான் என்பதே அத்திசை. எதிரில் இருப்பவன் தவற வேண்டும், தளர வேண்டும், தன் குறையை அறியாமலே இருக்க வேண்டும் என்று வேண்டாமல் லாபம் பெற முடியாத ஆட்டம் எதுவோ, அது சூது. அந்த வேண்டுதல் தேவைப்படாத இடத்தில் காசு வைத்து ஆடினாலும் அது விளையாட்டு என்ற எல்லைக்குள் நிற்கலாம். ஆகவே பணயம் என்பது மேசைமேல் வைத்த வில்லைகள் மட்டும் அன்று. எதிரில் அமர்ந்திருக்கும் மனிதனிடம் கொண்டிருக்க வேண்டிய பரிவும் அங்கே பணயமாக வைக்கப்படுகிறது. வில்லைகளை வென்றவனும் அதைத் தோற்றே எழுந்திருக்கிறான்.

இந்த உரைகல் சீட்டு மேசைக்கு மட்டும் உரியதன்று. விளைச்சல் பொய்த்தவனிடம் அடிமாட்டு விலைக்கு நிலம் வாங்கக் காத்திருப்பவனும், நோயாளியின் அவசரத்தில் வட்டியை உயர்த்துபவனும், விலை அறியாத யாத்ரிகரிடம் இரட்டிப்பு வாங்கும் கடைக்காரனும் சீட்டைத் தொடாமலே அந்த ஆட்டத்தைத்தான் ஆடுகின்றனர். "சொற்பம்தானே" என்ற சொல் அங்கெல்லாம் ஒலிக்கிறது. அன்பர்கள் அச்சொல்லைக் கேட்கும்போதும், தாமே அதைச் சொல்லும்போதும், தொகையைப் பார்ப்பதை விடுத்து ஒரு கணம் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார்களாக. அம்முகம் மலர வேண்டும் என்று மனமார விரும்ப முடிந்தால் அங்கே தாராளமாக அமரலாம். முடியாவிட்டால், பணயம் ஒரு பைசாவே ஆயினும், எழுந்துவிடுவதே விவேகம்.